ஊர்க்கிணற்றுக் கல்லும் நூலகத்தின் கடைசி அலமாரியும்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ‘ஊர் வரலாறு’ என்ற தலைப்பில் பத்துப் பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விழாக்குழுவினர் கேட்டார்கள். அதே பள்ளியில் படித்து, வேறோர் ஊரில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில் நான் ஒப்புக்கொண்டேன். பெருந்துறைக்கும் காங்கயத்துக்கும் இடையில், கீழ்பவானி வாய்க்கால் நீர் பாயும் சிற்றூர் எங்களுடையது. ஊர் நடுவே ஒரு பழைய சேந்துகிணறு இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரில் பதித்த கல்லில் ‘௧௨௮௬’, அதாவது 1286, என்று தமிழ் எண்ணில் வெட்டியிருப்பது தெளிவாகத் தெரியும். எண்ணுக்கு முன்னும் பின்னும் இருந்த எழுத்துகள், ஒவ்வொரு பொங்கலுக்கும் பூசிய சுண்ணாம்பின் அடியில் போய்விட்டன.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு, கிணறு எழுநூறு ஆண்டுப் பழமை உடையது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். காலிங்கராயன் வாய்க்கால் 1283இல் வெட்டி முடிக்கப்பட்டது என்பது நம் பக்கத்து வழக்கு. அதனால், வாய்க்கால் வெட்டிய ஆட்களே மூன்றாண்டு கழித்து இங்கே வந்து இந்தக் கிணற்றையும் வெட்டினார்கள் என்று ஒரு கதையும் ஊரில் வளர்ந்திருந்தது. என் முதல் வரைவில் அந்தக் கதையை ஐயமின்றி எழுதிவிட்டேன். அதற்குத் துணையாக ஒன்றிரண்டு மேற்கோள் கிடைத்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன்.

குறிப்புதவிப் பகுதியில் இருந்த நூலகரிடம் காலிங்கராயனைப் பற்றிய நூல்கள் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், “அந்த எண்ணுக்கு முன்னால என்ன எழுத்து இருக்குதுங்க டீச்சர்?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் ‘அலகு எங்கே?’ என்று கேட்டு மதிப்பெண் குறைத்தவள் நான். மீட்டரா, லிட்டரா என்று எழுதாத விடையை விடையாகவே ஏற்றுக்கொள்ளாதவள், அலகு இல்லாத ஓர் எண்ணை எழுநூறு ஆண்டு என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு கேள்விக்காக அந்த நூலகருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

அடுத்த நான்கு மாதங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் என்ற கணக்கில் அங்கே சென்றேன். உள்ளூர் வரலாற்றைத் தேடி நூலகத்துக்குப் போகும் மற்றவர்களுக்கு உதவும் என்பதால், அங்கே நான் கற்றவற்றையும் தவறியவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் நான் தவறியது அலமாரியில். ஊர் வரலாறு வரலாற்று அலமாரியில் இருக்கும் என்று நினைத்து, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி பகுப்பில் தமிழ்நாட்டு வரலாற்றுக்குரிய 954.82 என்ற எண்ணின் கீழ் இருந்த நூல்களை மட்டும் முதல் இரண்டு வாரங்கள் புரட்டினேன். அங்கே சேர சோழ பாண்டியர் நிறைய இருந்தார்கள். நம் ஊர்கள் குறைவாக இருந்தன. ஓர் ஊரைப் பற்றிய செய்தி நூலகத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் என்பது மெல்லத்தான் புரிந்தது. கோயில் தலவரலாறு இந்து சமயத்துக்குரிய 294.5இல் இருக்கும். அண்ணன்மார் சாமி கதையும் ஒப்பாரியும் கும்மியும் நாட்டார் வழக்காற்றுக்குரிய 398இல் இருக்கும். சதகங்களும் பள்ளுகளும் தமிழ் இலக்கியமாக 894.811இல் நிற்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பொன்விழா மலர், கூட்டுறவுக்குரிய 334இல் யாரும் தொடாமல் இருக்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகச் சென்ற பிறகுதான் என் குறிப்பேடு நிறையத் தொடங்கியது. ஆகவே, நூலகத்தில் நுழைந்ததும் ‘எங்கள் ஊரைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டாம்; இல்லை என்ற விடைதான் வரும். ஊரில் என்னென்ன இருந்தன என்று முதலில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கோயில், வாய்க்கால், தறி, சந்தை, பள்ளிக்கூடம், பஞ்சம், ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வோர் அலமாரியும் திறக்கும்.

இரண்டாவது தவறு மாவட்ட எல்லையில். எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டமே 1979இல், பெரியார் மாவட்டம் என்ற பெயரில், கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானதுதான். அதற்கு முற்பட்ட எந்த அரசு நூலிலும் ‘ஈரோடு மாவட்டம்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. திருப்பூர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அவர்களுடைய மாவட்டம் 2009இல் உருவானது. பழைய நூல்களில் திருப்பூர், பல்லடம் வட்டத்தில் அடங்கிய ஓர் ஊர். கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள் சத்தியமங்கலம் வட்டத்தைப் பார்க்க வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் பகுதியினர் 1997க்கு முற்பட்ட பெரும்பாலானவற்றைச் சேலம் மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டும். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டது. கொள்ளேகால் 1956இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. நீலகிரியே 1868 வரை கோயம்புத்தூரின் பகுதிதான். இந்த எல்லை மாற்றங்களை ஓர் அட்டவணையாக எழுதி வைத்துக்கொண்ட பிறகு, எந்த ஆண்டு நூலில் எந்தத் தலைப்பைப் பார்ப்பது என்ற குழப்பம் எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்ட காலத்துக்குப் போனால் மாவட்டமும் வட்டமும் மறைந்து, கொங்கின் இருபத்துநான்கு நாடுகள் வரும். பூந்துறை நாடு, காங்கேய நாடு, குறுப்பு நாடு, காஞ்சிக்கோயில் நாடு, தென்கரை நாடு, பொன்கலூர் நாடு, ஆறை நாடு என்று தொடரும் அந்தப் பட்டியலில் தம் ஊர் எந்த நாட்டில் அடங்கியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செப்பேடுகளையும் காணிப்பாடல்களையும் படிக்க முடியாது. வீட்டில் சீர் நடக்கும்போது முறை சொல்லும் பெரியவர்கள் சிலர் இன்னும் நாட்டுப் பெயரை மறக்கவில்லை. நூலைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாவட்டத்தைப் பற்றிய பழைய அச்சு நூல்களில் முதலில் படிக்க வேண்டியது, எஃப். ஏ. நிக்கல்சன் எழுதி 1887இல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. எச். ஏ. ஸ்டூவர்ட் அதைத் திருத்தி 1898இல் மறுபதிப்பாக்கினார். சேலத்துக்கு எச். லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டுக் கையேடும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியும் உண்டு. இவை அரசு நிருவாகத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை. எழுதியவர்கள் மாவட்ட நிருவாகத்தில் இருந்த வெள்ளையர்கள். சாதிகளைப் பற்றி அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மழை, பஞ்சம், கிணற்றுப் பாசனம், கால்நடை, தானிய விலை ஆகியவற்றில் அவர்கள் கொடுக்கும் விவரங்கள் வேறெங்கும் கிடைப்பது அரிது. கவலை ஓட்டி (மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைத்து) தோட்டம் பண்ணிய தலைமுறையின் உழைப்பை, கிணற்றின் ஆழத்தோடும் மாட்டின் விலையோடும் சேர்த்து ஒரு வரி அதிகாரியின் நூலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என் அப்பாரு, அதாவது தாத்தா, கவலை ஓட்டியவர். அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரு வரிகூட எங்கள் வீட்டில் கிடையாது.

இவற்றுக்கும் முற்பட்டது, பிரான்சிஸ் புக்கானன் 1800இல் மைசூர், கன்னடம், மலபார் நாடுகளின் வழியே சென்று எழுதிய பயணக்குறிப்பு. 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் கொங்குப் பகுதியின் ஊர்களும் வருகின்றன. அதைத் தேடும்போது ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை. காதில் விழுந்தபடி அவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் கொண்டு பொருளடைவைப் பார்த்தால் ஊர் அகப்படாது. ‘கரூர்’ என்பதைக்கூட அந்தக் காலத்து ஆங்கில நூல்கள் ‘காரூர்’ என்று வாசிக்கும்படி எழுதும். பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுவதே வழி.

தமிழில் நமக்கு வாய்த்த முதன்மையான மூலங்களில் ஒன்று, விசயமங்கலத்துக் கார்மேகக் கவிஞர் பாடிய கொங்குமண்டல சதகம். ‘கொங்கு மண்டலமே’ என்று முடியும் அதன் ஒவ்வொரு பாடலும் ஓர் ஊரையோ ஒரு கொடையாளரையோ ஒரு நிகழ்ச்சியையோ நினைவில் நிறுத்துகிறது. அதில் உங்கள் ஊர்ப் பெருமை வந்தால் மகிழலாம். ஆனால் ஆண்டு கேட்டால் பாடல் சொல்லாது. ‘இன்னாரைப் பற்றி இன்ன நூற்றாண்டில் இப்படி ஒரு வழக்கு இருந்தது’ என்பதற்கே பாடல் சான்றாகும். நிகழ்ச்சி நடந்ததா என்பதற்கு வேறொரு சான்று வேண்டும். கோவைகிழார் என்று அறியப்பட்ட சி. எம். இராமச்சந்திரஞ் செட்டியார், திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார், மயிலை சீனி. வேங்கடசாமி, புலவர் செ. இராசு ஆகியோர் இந்தப் பாடல்களையும் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குறிப்பாகப் புலவர் இராசு, அறச்சலூர் மலைக்குகையில் இருந்த இசைக் கல்வெட்டைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர். வீடு வீடாகச் சென்று செப்பேடுகளையும் ஓலைகளையும் பார்த்துப் பதிப்பித்தவர். 2023இல் அவர் மறைந்தபோது, அவரிடம் ஒரு முறையாவது நேரில் போய்க் கேட்காமல் விட்டோமே என்று வருந்தினேன். அவருடைய நூல்கள் நூலகத்தில் இருந்தன. அந்த வருத்தத்துக்கு அது ஓரளவு மருந்து.

கல்வெட்டு நூல்கள் பயமுறுத்தும். ஆனால் அவற்றின் அமைப்பு தெரிந்துவிட்டால் பயம் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஓர் ஊரில் படியெடுத்த கல்வெட்டுகளுக்கு எண் கொடுத்து, ஓரிரு வரியில் சுருக்கம் மட்டும் தந்திருப்பார்கள். முழுப் பாடம் அங்கே இராது. பாடத்தைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையிலோ, தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளிலோ, தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழிலோ தேட வேண்டும். சுருக்கத்தைப் படித்துவிட்டு அதையே கல்வெட்டு என்று மேற்கோள் காட்டும் பழக்கம் மலர்களில் பெருகிவிட்டது. அதைத் தவிர்க்க வேண்டும். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும். ‘பதினைந்தாவது’ என்றால் அவன் பட்டம் ஏறிய பதினைந்தாம் ஆண்டு என்று பொருள். அதை நம் ஆண்டுக்கு மாற்றுவது தொகுப்பாசிரியர் செய்ய வேண்டிய வேலை. நாம் ஊகிக்கக் கூடாது.

இவ்வளவையும் படித்த பின்பும் எங்கள் கிணறு எங்கும் வரவில்லை. அது வந்த இடம் கடைசி அலமாரி.

குறிப்புதவிப் பகுதியின் பின்சுவரை ஒட்டி, பகுப்பு எண் ஒட்டாத சிறு வெளியீடுகளைச் சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்தார்கள். குடமுழுக்கு மலர்கள், பள்ளி வெள்ளிவிழா மலர்கள், ஊராட்சி ஒன்றியத்தின் ஆண்டறிக்கைகள், காதணிவிழாவில் கொடுத்த குலவரலாற்றுச் சிறுநூல்கள் என்று எல்லாம் கலந்து இருந்தன. யாரோ ஒரு வாசகர் இறந்த பிறகு அவர் வீட்டார் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவை என்று நூலகர் சொன்னார். அவர் அனுமதியோடு ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, மறுபடி கட்டி வைத்தேன். மூன்றாவது வாரம், எங்கள் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஓர் ஊரின் மாரியம்மன் கோயில் மலர் கைக்கு வந்தது. அதில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்து பின்பு தூர்ந்துபோன ஒரு கிணற்றின் கல்லைப் பார்த்து யாரோ எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதியிருந்தார்கள்: ‘பசலி ௧௨௮௬ தாது ௵’. கடைசிக் குறி ஆண்டைக் குறிப்பது. அதே எண்!

அன்று மாலையே ஊருக்குத் திரும்பி, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, எங்கள் கிணற்றுக் கல்லைத் தண்ணீராலும் மென்மையான தேங்காய்நார்த் தூரிகையாலும் மட்டும் கழுவினோம். உளியோ கம்பித் தூரிகையோ அமிலமோ கல்லில் படவே கூடாது. எழுத்து தெரிவதற்காக மாவு தடவுவதும் சுண்ணக்கட்டியால் வரைவதும் பலர் செய்யும் பிழை. இல்லாத கோட்டை நாமே வரைந்துவிடுவோம். இருட்டிய பிறகு கைவிளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். பள்ளமான கோடுகளில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். எண்ணுக்கு முன்னால் ‘லி’ என்ற எழுத்தும், பின்னால் ‘தாது’ என்பதும் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன.

இனி வருவது கணக்கு. பழைய ஆவணங்களில் ஆண்டைக் குறிக்கும் எண் எந்த ஆண்டு முறையைச் சேர்ந்தது என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. சக ஆண்டானால் 78 கூட்டினால் கி.பி. ஆண்டு வரும். கலியாண்டானால் 3101 கழிக்க வேண்டும். வருவாய்த்துறையில் வழங்கும் பசலியானால் 590 கூட்ட வேண்டும். பசலி ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி அடுத்த சூன் முடிய இருக்கும். எங்கள் கல்லின் 1286ஐ கி.பி. என்று கொண்டால் 1286. சகம் என்றால் 1364. பசலி என்றால் 1876-77. எது சரி என்பதைச் சொல்ல, அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் உதவுகிறது. 1286இல் தொடங்கிய தமிழ் ஆண்டு வியய. 1364இல் தொடங்கியது குரோதி. 1876இல் தொடங்கியதுதான் தாது. மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது. இன்னும் ஒரு படி மேலே போகலாம். பசலி 1286, சூலை 1876இல் தொடங்குகிறது; தாது ஆண்டு ஏப்ரல் 1877 நடுவில் முடிகிறது. இரண்டும் சேர்ந்து இருப்பதால், கல் நட்டது அந்த ஒன்பதரை மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். எழுத்தமைதியும் இதையே சொல்லியிருக்கும். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் என்றால் ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குரிய தனிக்குறிகளோடு ௲௨௱௮௰௬ என்பதுபோல் வெட்டியிருப்பார்கள். குறிகளை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் வரிசையாக எழுதுவது மிகப் பிற்காலத்து வழக்கம்.

தாது ஆண்டு என்றதும் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்துக்கு மக்கள் வைத்த பெயரே ‘தாது வருசப் பஞ்சம்’. நிக்கல்சனின் கையேட்டைத் திரும்ப எடுத்துப் பஞ்சத்தைப் பற்றிய பக்கங்களைப் படித்தேன். நூலகத்தில் இருந்த பஞ்சக் கும்மிப் பாடல்களையும் எடுத்துப் படித்தேன். அரசின் நூல் எண்ணிக்கை சொன்னது. கும்மி, பசிக்குப் பிள்ளையைப் பிரிந்தவர்களையும் தாலியை விற்றவர்களையும் சொன்னது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க முடிந்தது பொது நூலகத்தில்தான். எங்கள் ஊர்க்கிணறு எழுநூறு ஆண்டுப் பெருமையை இழந்துவிட்டதே என்று விழாக்குழுவில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானம் பொய்த்த ஆண்டில், பக்கத்துப் பக்கத்து ஊரார் ஒரே காலத்தில் பூமியைத் தோண்டித் தண்ணீர் தேடியிருக்கிறார்கள். அந்தக் கல்லை நான் இப்போதுதான் மதிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

இதில் எனக்கு ஆறாத ஒரு குறை உண்டு. முதல் வரைவு எழுதுவதற்கு முன்பு, ஊரில் தொண்ணூறு வயதைக் கடந்த ஓர் அம்மாவிடம் பேசியிருந்தேன். “அது பஞ்சத்துல கூழுக்கு வெட்டுன கெணறு கண்ணு, எங்க அப்பத்தா சொல்லுவாங்க” என்று அவர் அன்றைக்கே சொன்னார். கல்லில் இருக்கும் எண்ணின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையில் அதை நான் குறித்துக்கொள்ளவே இல்லை. உண்மை தெரிந்த பிறகு அவரிடம் போய்ச் சொன்னபோது, “அதத்தானே கண்ணு நானும் சொன்னேன்” என்றார். வாய்மொழியை உடனே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சொன்னவர் பெயர், நாள், சொன்ன சொற்கள் ஆகியவற்றை மாற்றாமல் குறித்து வைத்தே ஆக வேண்டும். அதன்பின் நான் மூன்று நாள் அவரோடு இருந்து, அவர் பேச்சை அவர் நடையிலேயே எழுதி, கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்தேன்.

பள்ளியின் வரலாற்றுக்கு வேறு வழியில் போக வேண்டியிருந்தது. பள்ளியின் முதல் சேர்க்கைப் பதிவேடு எப்போதோ பழைய தாளோடு எடைக்குப் போய்விட்டது. 1938க்குப் பிற்பட்டதே கையில் இருந்தது. 1951, 1961ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வெளிவந்த மாவட்டக் கையேடுகள் இங்கே கைகொடுத்தன. சிற்றூர் வாரியாக மக்கள்தொகையும் பிற விவரங்களும் கொண்ட அட்டவணைகள் அவை; படிக்கச் சுவையானவை அல்ல. ஆனால் கீழ்பவானித் தண்ணீர் வருவதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஊரில் எத்தனை வீடு, எத்தனை பேர், எழுதப்படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, மேட்டாங்காடு வயலானதன் கதை முழுவதும் நான்கு வரிசை எண்ணில் அடங்கியிருந்தது.

பவானிசாகர் அணை 1955இல் முடிந்ததால் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. அதே அணையின் நீர்த்தேக்கத்துக்குள்தான் டணாய்க்கன்கோட்டை என்ற ஊர் மூழ்கியது. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயிலின் மேற்பகுதி தெரியும்போது பலர் படம் எடுக்கப் போகிறார்கள். அங்கே குடியிருந்தவர்களின் ஊர், தெரு, சந்தை ஆகியவை இனிக் காகிதத்தில்தான் இருக்க முடியும். அவர்கள் இழந்ததில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டவர்கள் நாங்கள் என்ற நினைவோடு, மலரில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

மாவட்ட நூலகத்தில் கிடைக்காதவற்றுக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. அதற்கு முற்பட்ட சென்னை மாகாண வெளியீடுகளும் அங்கே நிறைய. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் இருக்கின்றன. இனாம் பதிவேடு, நிலவரித்திட்ட ஆவணம் போன்றவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இடம். பயணம் செய்ய இயலாதவர்கள் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. பழைய இதழ்களும் நூல்களும் அங்கே பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன. ஈரோட்டிலிருந்து 1925 மே 2 முதல் வெளிவந்த குடி அரசு போன்ற இதழ்களைக் கொள்கைக்காக மட்டும் பலர் படிக்கிறார்கள். கூட்ட அறிவிப்புகளையும் விளம்பரங்களையும் சேர்த்துப் படித்தால், எந்த ஊரில் யார் கடை வைத்திருந்தார், எந்தக் கொட்டகையில் கூட்டம் நடந்தது என்பதெல்லாம் தெரியவரும்.

குறிப்பெடுப்பதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் மாதக் குறிப்புகளில் நூலின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பதிப்பாண்டும் பக்க எண்ணும் எழுதவில்லை. பின்பு சரிபார்க்க மீண்டும் பத்து நாள் போக வேண்டியதாயிற்று. அதன்பின் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நூலகத்தின் பெயர், நூலின் சேர்க்கை எண், பதிப்பாண்டு, பக்கம் ஆகிய நான்கையும் முதலில் எழுதிவிட்டே மற்றதை எழுதினேன். பழைய தாள் மடித்தால் ஒடியும். எச்சில் தொட்டுப் புரட்டினால் மூலை கரையும். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்காருவதே நல்லது. ஒளிநகல் கருவியின் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் முதுகு பிளந்துபோகும் நூல்களை, நூலகரின் அனுமதி பெற்றுக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் தலைப்புப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடைசி அலமாரி மலர்களில் பாதிக்குமேல் ஆங்கில ஆண்டே அச்சிடவில்லை. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கித் தமிழ் ஆண்டின் பெயரை மட்டும் போட்டிருந்ததால், அறுபது ஆண்டில் எந்தச் சுற்று என்று அச்சகத்தின் பெயரையும் படத்தில் இருந்த அமைச்சர்களின் முகத்தையும் வைத்துக் கண்டறிய வேண்டியிருந்தது. மலர் போடுகிறவர்கள் ஊர், வட்டம், மாவட்டம், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றை உள்ளட்டையில் அச்சிட்டுவிட்டால் பின்னால் வருபவருக்கு இந்தத் தொல்லை இராது.

எங்கள் மலரில் அவை எல்லாவற்றையும் அச்சிட்டோம். கிணற்றுக் கல்லின் படத்தையும், அதைப் படித்த முறையையும், முன்பு நாங்கள் நம்பியிருந்த கதையையும் மறைக்காமல் போட்டோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா என்று நாம் ஒவ்வோர் ஆண்டும் நூலக வரி கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் ஏற்படுத்திய அந்த வரியில்தான் இந்த அலமாரிகள் நிற்கின்றன. ஆனால் வரிப் பணத்தில் வாங்க முடியாத நூல்கள் நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. விலைக்கு வராத மலர்களை யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. விழா முடிந்த வாரம், ஊர்ப்புற நூலகத்துக்கு இரண்டு படிகள், மாவட்ட மைய நூலகத்துக்கு இரண்டு படிகள், கன்னிமாராவுக்கு ஒன்று என்று கொடுத்தோம். நூலகரின் யோசனைப்படி, அந்த அம்மாவின் பேச்சை எழுத்தாக்கிய நாற்பத்தாறு பக்கங்களைத் தட்டச்சு செய்து, அவருடைய ஒப்புதலோடு தனியே கட்டமைத்துக் கொண்டுபோனேன். அதற்கு முன் அவரிடம் காட்டியபோது, “எங்க அப்பத்தா பேரு இதுல இருக்குதா கண்ணு?” என்று கேட்டார், முதல் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

நூலகர் அதைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றினார். ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப்போனவரைத் தடுத்து, அந்த அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். பிறகு நூலகரும் நானும் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுமாக அந்தக் கடைசி அலமாரியின் முன் உட்கார்ந்து, முதல் கட்டின் சணலை அவிழ்த்து, மலர்களுக்கு எண் ஒட்டத் தொடங்கினோம். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு முடிந்திருக்கிறது; இன்னும் ஏழு கட்டுகள் பாக்கி இருக்கின்றன.